காற்றுக்கு ஒரு தராசு

தமிழில் மிகவும் ஏமாற்றுகிற சொல் எது என்று என்னைக் கேட்டால், 'மருந்து' என்பேன். வைத்தியர் கொடுப்பதும் மருந்து. வயலில் அடிப்பதும் மருந்து. "தோட்டத்துக்கு மருந்தடிக்க ஆள் வந்திருக்குதுங்க" என்று ஊத்துக்குளிப் பக்கத்தில் சொன்னால் யாரும் திடுக்கிடுவதில்லை. அதே ஊரில், "மருந்தைக் குடிச்சுட்டானாம்" என்று ஒரு செய்தி வரட்டும், கேட்டவர்கள் பதறிப் போய் ஓடுகிறார்கள். அப்பொழுது மாத்திரம் அது என்ன மருந்து என்று எல்லோருக்கும் விளங்கிவிடுகிறது. வாயால் குடித்தால் விஷம். மூக்கால் குடித்தால் மருந்து! இந்த விசித்திர நியாயத்தோடுதான் எனக்குச் சண்டை.

ஊத்துக்குளியிலிருந்து திருப்பூர் கூப்பிடு தூரம். அங்குள்ள பனியன் கம்பெனிகளில் தைக்கும் குழந்தைச் சட்டைகள் கப்பலேறிப் போகின்றன. போகிற சட்டைக்கு ஓக்கோ-டெக்ஸ் என்ற ஐரோப்பியச் சான்று வேண்டுமானால், துணியைச் சோதனைச் சாலையில் கரைத்துப் பார்க்கிறார்கள். கைக்குழந்தைக்கான துணியில் பூச்சிக்கொல்லிகள் அத்தனையும் சேர்ந்து கிலோவுக்கு அரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நல்ல விதி, நான் வரவேற்கிறேன். சீமையில் ஒரு சிசுவின் தோல் பத்திரமாக இருக்கட்டும். ஆனால், அந்தச் சட்டையைத் தைத்த பெண் வீட்டுக்கு வந்து தன் சிசுவைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுக்கிறாளே, அந்த அறையின் காற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு விதி உண்டா?

நம் நாட்டில் காற்றுக்கென்று ஒரு பட்டியல் இருக்கிறது. 2009 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகளில் 12 பொருள்கள் இடம் பெற்றன. தூசி உண்டு, கந்தக டையாக்சைடு உண்டு, ஈயம் உண்டு, பென்சீன் உண்டு, ஆர்சனிக்கும் உண்டு. பூச்சிக்கொல்லி ஒன்றுகூட இல்லை. தொழிற்சாலைப் புகைக்கும் மோட்டார் வண்டிப் புகைக்கும் கணக்கு உண்டு. வயற்காட்டுக் காற்றுக்குக் கணக்கு இல்லை. பட்டிக்காட்டுக் காற்று பரிசுத்தமானது என்று கதைகளில் எழுதிக் குவித்தது எங்கள் ஜாதி. சர்க்கார் அதை அப்படியே நம்பிவிட்டதோ, என்னவோ!

"காற்றை எப்படி ஐயா நிறுப்பது?" என்று கேட்கும் கனவான்களுக்கு ஒரு வார்த்தை. கல்லூரியில் கொஞ்ச காலம் படித்த ரசாயனம்தான் என் மூலதனம். எனக்கே விளங்குகிற சங்கதி இது. ஒரு சிறு பம்பு காற்றை உறிஞ்சி, நுரைப்பஞ்சு அடைத்த குழாய் வழியாக விடுகிறது. பஞ்சு விஷத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு அதை ஒரு திரவத்தில் ஊறவைத்து இறக்கி, 'காஸ் குரோமட்டோகிராப்' என்ற கருவியில் செலுத்தினால், இன்ன பூச்சிக்கொல்லி இத்தனை நானோகிராம் என்று சொல்லிவிடும். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. பம்பும் மின்சாரமும் இல்லாமலே இன்னொரு வழியும் உண்டு. இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்தாற்போல ஒரு கூடு. அதற்குள் வட்டமான ஒரு நுரைப்பஞ்சு. இரண்டு மூன்று மாதம் தொங்கவிட்டு எடுத்தால் போதும்.

வெளியே தொங்கவிட்டால் மட்டும் போதாது, வீட்டுக்குள்ளும் வேண்டும். அமெரிக்காவில் ஜாக்சன்வில், ஸ்பிரிங்பீல்டு என்ற இரண்டு ஊர்களில் 1986 முதல் 1988 வரை 32 பூச்சிக்கொல்லிகளைத் தேடிக் காற்றைச் சோதித்தார்கள். பெரும்பாலும் வெளிக்காற்றைவிட வீட்டுக்குள்தான் அதிகம் இருந்தது! காரணம் எளிது. வெளியே வெயில் சிதைக்கிறது, மழை கழுவுகிறது, காற்று அடித்துக்கொண்டு போகிறது. வீட்டுக்குள்ளோ, கரையானுக்கு அஸ்திவாரத்தில் ஊற்றியதும், கரப்பானுக்குக் கிழித்த சாக்குக்கட்டிக் கோடும், கொசுவுக்கு இரவெல்லாம் எரியும் சுருளும் சுவரிலும் பாயிலும் தலையணையிலும் தங்கிவிடுகின்றன. நாளொன்றுக்குப் பத்தாயிரம் லிட்டர் காற்றுக்கு மேல் சுவாசிக்கிறோம். அதில் பாதிக்கு மேல் கூரைக்குக் கீழேதான் என்பதை வாசகர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

"அடித்தால் அங்கேயே விழுந்துவிடும், காற்றில் எங்கே போகிறது?" என்பது அடுத்த வாதம். நம் பரங்கிப்பேட்டையே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. அங்கே ஆராய்ச்சியாளர்கள் பருவந்தோறும் காற்றைப் பிடித்துச் சோதித்து, 1989-இல் முடிவை வெளியிட்டார்கள். நெல் வயலுக்கு மருந்தடிக்கும் மழைக்காலத்தில் பி.எச்.சி. விஷம் காற்றில் ஏறியிருந்தது. 2006-07-இல் சென்னை உட்பட ஏழு இந்திய நகரங்களில் நுரைப்பஞ்சைத் தொங்கவிட்டபோது, டி.டி.டி.யும் எண்டோசல்பானும் அகப்பட்டன. நகரத்து மொட்டை மாடியில் யார் பருத்தி பயிரிட்டார்கள்?

இன்னும் விசித்திரம் கேளுங்கள். ஊத்துக்குளி என்றால் வெண்ணெய். அந்த வெண்ணெயே காற்றை அளக்கும் தராசு! பழைய குளோரின் விஷங்கள் காற்றிலிருந்து புல்லில் படிகின்றன. புல்லிலிருந்து பசுவுக்கும், பசுவிலிருந்து பாலின் கொழுப்புக்கும் வந்து சேர்கின்றன. இந்தத் தத்துவத்தை வைத்து 23 நாடுகளின் வெண்ணெயைச் சோதித்து 2001-இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. டி.டி.டி.யும் பி.எச்.சி.யும் மிகுந்திருந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. டி.டி.டி.யை வயலில் போடுவதை 1989-இலும், பி.எச்.சி.யை 1997-இலும் நாம் தடுத்தோம். தடுத்ததற்கு அப்புறமும் வெண்ணெய் ஞாபகம் வைத்திருந்தது, மனிதர்கள் மறந்துவிட்டார்கள்.

"இதையெல்லாம் கிளப்பி விவசாயியின் வயிற்றில் அடிக்காதீர்" என்று சிலர் கோபிக்கக்கூடும். விவசாயிக்காகத்தான் கேட்கிறேன். 2017-இல் மகாராஷ்டிரத்து யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த 20 பேருக்கு மேல் மாண்டார்களே, அவர்கள் யார்? விவசாயிகளும் கூலிகளுந்தான். அதே ஆண்டு நம் பெரம்பலூர்ப் பருத்திக் காட்டிலும் உயிர்கள் போயின. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் சுமார் இருபது வருஷம் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் பொழிந்தது. 2000-இல்தான் அது நின்றது. உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தடுத்தது 2011-இல். இடையிலே எத்தனை கமிட்டிகள், எத்தனை வாதங்கள்! தெளித்த நாளிலேயே காற்றை அளந்து வைத்திருந்தால், ஊனமான குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் சாட்சி சொல்ல வந்திருக்க வேண்டாம்.

கலிபோர்னியா மாகாணம் 2011 முதல் விவசாய ஊர்களின் காற்றைத் தொடர்ந்து அளந்து வருகிறது. பிரான்ஸ் தேசம் 2018-19-இல் ஐம்பது இடங்களில் 75 பூச்சிக்கொல்லிகளைத் தேடியது. அங்கெல்லாம் விவசாயம் பட்டுப்போய்விடவில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. ஊத்துக்குளியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஒரு கிண்ணக் கூடு; ஒரு மாட்டுத் தொழுவத்தில் ஒன்று; தையல் பெண்கள் தங்கும் விடுதி அறையில் ஒன்று; சோளக்காட்டு வரப்பில் ஒன்று. வருஷத்துக்கு நான்கு முறை எடுத்துச் சோதித்து, கணக்கைத் தமிழில் எழுதிப் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டுங்கள். மருந்தடிப்பதற்கு முதல் நாள் அக்கம்பக்கத்துக்குச் சொல்லிவிடுங்கள். அந்தப் பன்னிரண்டோடு இன்னும் சில பெயர்களைச் சேருங்கள். அளந்த பிறகு, பயப்பட ஒன்றுமில்லை என்றால் நிம்மதியாகத் தூங்குவோம். இருக்கிறது என்றால், வெளிநாட்டுக் குழந்தையின் சட்டைக்குக் காட்டும் அக்கறையில் கால்வாசியாவது உள்ளூர்க் குழந்தையின் மூச்சுக்குக் காட்டியே தீர வேண்டும்.