கட்சி பல, ரோஸ்டர் ஒன்று

அலுவலகத்தில் அரசியல் பேசலாமா, கூடாதா என்று வாசகர்கள் சிலர் நம்மைக் கேட்கிறார்கள். பேசாதே என்று சொல்லிவிட்டால் தலையங்கம் ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனால் எட்டு மணி நேரம் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் வாயைப் பூட்டிக்கொண்டு வேலை செய்ததாக எந்த ஊரிலும் சரித்திரம் இல்லை. பேசத்தான் செய்வார்கள். பேச்சு முற்றிச் சண்டையானால் அதை எங்கே கொண்டுபோய் முடிப்பது என்பதுதான் கேள்வி.

2025-ல் மும்பையில் நடந்ததை எல்லோரும் அறிவோம். ஏப்ரலில் மராட்டிய அரசு ஒன்றாம் வகுப்பிலிருந்தே இந்தியை மூன்றாம் மொழியாக்கி ஆணையிட்டது. எதிர்ப்பு கிளம்பியது. ஜூன் 29-ல் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஜூலை 5-ல் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளான உத்தவும் ராஜும் பல ஆண்டுப் பகையை ஒதுக்கிவைத்து வொர்லியில் ஒரே மேடையில் ஏறினார்கள். அதே நாட்களில் மீரா ரோட்டில் மராத்தி பேசாத ஒரு கடைக்காரருக்கு அடி விழுந்தது.

மும்பைத் தமிழ் ஊழியருக்கு இதில் இரட்டைச் சங்கடம். இந்தித் திணிப்பை எதிர்ப்பதில் 1938-லும் 1965-லும் முன்னே நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்த வகையில் மராத்தியரோடு கை கோக்க நமக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் கவுண்ட்டரில் உட்கார்ந்ததும் அதே மராத்தியர் கண்ணுக்கு நாம் வெளியூர்க்காரர். நமக்கு அவர்மேல் கோபம். அவருக்கு நம்மேல் சந்தேகம். இருவருக்கும் முன்னால் வரிசை மட்டும் நீண்டுகொண்டே போகிறது.

ரயில் டிக்கெட் கவுண்ட்டரையே எடுத்துக்கொள்வோம். இதை எழுதுபவருக்கு இருபது ஆண்டுப் பழக்கமான இடம் அது. துறைமுகத்திலும் வங்கியிலும் மாநகராட்சியிலும் இருக்கும் வாசகர்கள் தங்கள் இடத்துக்குப் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

கவுண்ட்டர் எழுத்தர் வேலைக்கு வந்தவுடன் தன் சட்டைப்பையில் எத்தனை ரூபாய் இருக்கிறது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். விஜிலென்ஸ்காரர் எந்த நேரமும் வந்து எண்ணிப் பார்க்கலாம். ஐந்து ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுவார்கள். சில்லறை இல்லை என்றால், “அரசாங்கச் சம்பளம் வாங்குகிறாய், சில்லறை வைத்திருக்க மாட்டாயா?” என்பார்கள். கைப்பேசியில் பணம் கழிந்திருக்கும், டிக்கெட் வந்திருக்காது. அதற்கும் திட்டு கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவருக்குத்தான். ஷிப்ட் முடிவில் கணக்கில் பணம் குறைந்தால் சொந்தப் பையிலிருந்து கட்ட வேண்டும். கூடினால் ரயில்வேக்குச் சேரும். (இந்தச் சூதாட்டத்தில் எழுத்தர் ஜெயித்ததாக ஒரு நாளும் கிடையாது.) கைப்பேசியிலும் எந்திரத்திலும் டிக்கெட் விற்பனை கூடக் கூட ஜன்னல்கள் மூடப்படுகின்றன. மூடாத ஜன்னலுக்கு வருகிறவர்கள் யார்? கைப்பேசி இல்லாத முதியவர், படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளி, சீசன் டிக்கெட்டில் பெயர் தப்பாக விழுந்தவர், எந்திரத்தோடு சண்டை போட்டுத் தோற்றவர். சுலபமான டிக்கெட்டெல்லாம் எந்திரத்துக்குப் போய்விட்டது. சிக்கலானது மட்டும் மனிதனுக்கு மிஞ்சியிருக்கிறது. இதைத்தான் “வேலை குறைந்துவிட்டது” என்று நிர்வாகம் கணக்கெழுதுகிறது.

இப்படி ஒரு நிலையத்தில் 2025 ஜூலையில் நடந்ததைச் சொல்கிறோம். நிலையத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். பத்து வருடமாகப் பக்கத்துப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தவர்கள் இருவர். ஒருவர் நம்மவர், மற்றவர் மராத்தியர். “பாவு” என்று இவர் அழைப்பார், “அண்ணா” என்று அவர் அழைப்பார். ஒருவர் டிபனை மற்றவர் சாப்பிடுவார். அன்று காலை ஷிப்டில் ஐந்து ஜன்னலுக்கு மூன்று பேர். நம்மவருக்குக் கணக்கில் ஐந்நூறு ரூபாய் குறைந்தது. அந்த எரிச்சலோடு வீட்டுக்குப் போகும் வண்டியில் நின்றபடி, மொழிப் பிரச்சினை பற்றி யாரோ அனுப்பிய கிண்டல் படம் ஒன்றை ஊழியர் வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிட்டார். இரவு ஷிப்ட் முடித்துத் தூக்கம் கெட்டிருந்த பாவு பதில் எழுதினார். இரண்டு மணி நேரத்தில் பத்து வருட நட்பு பற்றி எரிந்தது. மூன்றாவது ஆள் ஒருவர் அத்தனையையும் படம் பிடித்து மேலதிகாரியிடம் கொடுத்தார்.

மேலதிகாரி இருவருக்கும் எஸ்.எப்.-11 மெமோ கொடுத்தார். ஒருவரைத் தூரத்து நிலையத்துக்கு மாற்றினார். அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை. ஐந்து ஜன்னலுக்கு இருந்த மூன்று பேர் இரண்டு பேர் ஆனார்கள்.

இந்தச் சண்டை அரசியலால் வந்ததா, வேலைப் பளுவால் வந்ததா? இரண்டாலும்தான். “எல்லாம் டென்ஷன், அரசியல் ஒன்றுமில்லை” என்று பூசி மெழுகுவது நம் வழக்கமல்ல. மொழி உரிமை, வேலை உரிமை, மண்ணின் மைந்தர் என்பவை வயிற்றோடு சம்பந்தப்பட்ட விஷயங்கள். அதில் கருத்து வேறுபாடு இருந்தே தீரும். ஆனால் தூங்கி எழுந்து, கணக்குச் சரியாக இருந்து, டீ குடிக்கப் பத்து நிமிடம் கிடைத்த நாளில் இதே இருவர் இதே விஷயத்தைச் சிரித்துப் பேசியிருக்கிறார்கள் என்பதும் உண்மை. கருத்து மாறவில்லை. உடம்பும் மனமும்தான் தாங்கவில்லை. அந்த மிச்சக் கோபம் வீட்டுக்குப் போய் மனைவி மேலும் பிள்ளைகள் மேலும் விழுவதை நம் குடியிருப்புகளில் பார்க்கிறோம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் நாற்பதிலேயே வந்து உட்கார்ந்துகொள்வதையும் பார்க்கிறோம்.

மராத்தியரின் மனக்குறையை நாம் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இது நம்மவர்களுக்குக் கசக்கும். பால் தாக்கரே 1960-ல் தொடங்கிய ‘மார்மிக்’ இதழ், பம்பாய் அலுவலகங்களில் வேலை பார்த்த தென்னிந்தியர் பெயர்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டது. 1966-ல் சிவசேனை பிறந்தது. அன்று நம் அப்பாக்கள் பட்ட அவமானத்தை நாம் மறக்கவில்லை, மறக்கவும் வேண்டாம். 2008 அக்டோபரில் ரயில்வே தேர்வு எழுத வந்த வடநாட்டு இளைஞர்கள் இதே மும்பையில் தாக்கப்பட்டார்கள். ஆள்தான் மாறியது. ஆனால் 2019-ல் திருச்சி பொன்மலைப் பணிமனையில் வெளிமாநிலத்தாரை அதிகமாகச் சேர்த்துவிட்டார்கள் என்று போராட்டம் நடந்தபோது, மும்பையில் இருந்தபடி கைதட்டிய தமிழர்கள் எத்தனை பேர்! பொன்மலையில் நியாயமாகத் தெரிவது கல்யாணில் மட்டும் எப்படி அநியாயமாகும்? அடிப்பவனை எதிர்ப்போம். வேலை கேட்பவனோடு பேசுவோம். இருபது வருடம் மும்பையில் சம்பளம் வாங்கிவிட்டு, “சுட்டே பைசே த்யா” என்பதற்கு மேல் ஒரு வாக்கியம் மராத்தியில் பேச வராத நம்மவரை நாம் ஆதரிக்க முடியாது. பயந்து கற்க வேண்டாம். பக்கத்து ஜன்னல்காரர் தாய்மொழி என்பதற்காகக் கற்கலாம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ரயில்வே ஊழியர் நடத்தை விதிகள், 1966 என்று ஒன்று இருக்கிறது. அதன்படி ரயில்வே ஊழியர் அரசியல் கட்சியில் உறுப்பினராக இருக்கக்கூடாது. தேர்தலில் யாருக்கும் ஓட்டுக் கேட்கக்கூடாது. தான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று காட்டிக்கொள்ளவும் கூடாது. இந்த விதி அலமாரியில் தூங்குகிறது. யாராவது ஒருவர் சக ஊழியரின் வாட்ஸ்அப் பேச்சைப் படம் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது அது விழித்துக்கொள்கிறது. ஒரு தடவை விழித்தால் கட்சி பார்க்காது. இன்று பாவு மேல் பாயும், நாளை அண்ணா மேல் பாயும். ஆகவே நம் வேண்டுகோள் இதுதான்: கட்சிச் சண்டை எவ்வளவு முற்றினாலும் மேலதிகாரியை நீதிபதியாக்காதீர்கள். கை நீட்டினால், சாதி சொல்லித் திட்டினால், பெண் ஊழியரை இழிவாகப் பேசினால் அது வேறு. அதற்குப் புகார் கொடுக்கத்தான் வேண்டும். கருத்துக்காகக் காட்டிக்கொடுப்பது ஆகாது.

1974 மே 8 முதல் 27 வரை நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தைப் பலரும் ஜார்ஜ் பெர்னாண்டஸின் கதையாக மட்டும் நினைவு வைத்திருக்கிறார்கள். அந்தப் போராட்டக் குழுவில் சோஷலிஸ்டுகள் இருந்தார்கள், இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளின் சங்கங்கள் இருந்தன, ஜனசங்கத்தோடு நெருக்கமான பி.எம்.எஸ். காரர்களும் இருந்தார்கள். வெளியே மேடையில் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொண்டவர்கள்தான். காங்கிரஸ் ஆதரவுச் சம்மேளனம் மட்டும் வெளியே நின்றது. ஆயிரக்கணக்கானோர் சிறை போனார்கள். விசாரணையே இல்லாமல் வேலை நீக்கம் செய்யப்பட்டவர்கள் உண்டு. 1977-ல் ஆட்சி மாறிய பிறகே அவர்களுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. வேலைநிறுத்தம் தோற்றது என்பார்கள். அன்றைய முக்கியக் கோரிக்கைகளில் ஒன்றான போனஸ் 1979-ல் ரயில்வே ஊழியருக்கு வந்தது. இன்று அதை வாங்காத கட்சிக்காரர் யாராவது இருக்கிறாரா?

பென்ஷனும் அப்படித்தான். 2004 ஜனவரி 1-க்குப் பிறகு சேர்ந்தவர்கள் எந்தக் கொடியைப் பிடித்தாலும் பழைய பென்ஷன் வேண்டும் என்பதில் ஒன்றாகவே நிற்கிறார்கள். 2025 ஏப்ரலில் வந்த புதிய ஒருங்கிணைந்த திட்டம் போதுமா, போதாதா என்ற வாக்குவாதம்கூடக் கட்சிவாரியாகப் பிரியவில்லை.

கவுண்ட்டர் பளுவுக்கு வழி இருக்கிறது. ரயில்வேச் சட்டம் 1989-ன் கீழ் வேலை நேர விதிகள் 2005-ல் வந்தன. ‘தொடர் வேலை’ என்று வகைப்படுத்தினால் ரோஸ்டர் வாரம் 48 மணி. ஓய்வின்றிக் கவனம் கோரும் ‘தீவிர வேலை’ என்று வகைப்படுத்தினால் 42 மணி. வாரத்துக்குத் தொடர்ந்து 30 மணி நேர ஓய்வு இரண்டுக்கும் உண்டு. வகை தப்பு என்று தோன்றினால் ஜாப் அனாலிசிஸ் கேட்கலாம். நிர்வாகத்தின் முடிவில் திருப்தி இல்லையென்றால் மண்டலத் தொழிலாளர் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். இதற்குத் தனி ஒருவர் மனு போட்டால் குப்பைத் தொட்டிக்குப் போகும். ஷிப்டில் இருக்கும் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டு, தொழிற்சங்கம் வழியாகப் போனால் பதில் சொல்லியாக வேண்டும். பாவுவின் கையெழுத்து இல்லாத மனு பாதி மனுதான். 2024 டிசம்பரில், பதினோரு ஆண்டுக்குப் பிறகு நடந்த சங்க அங்கீகார வாக்கெடுப்பின்போது எதிரெதிர் சங்கத்துக்கு ஓட்டுக் கேட்டவர்கள் இன்னும் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கும் நிலையங்கள் உண்டு. அங்கேயெல்லாம் யார் முதலில் டீ வாங்கிக் கொடுப்பது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், தோழர்களே, நம்மவரே வாங்கிக் கொடுக்கட்டும்.

ஊழியர் வாட்ஸ்அப் குழுவை ரோஸ்டருக்கும் லீவுக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, அரசியலை டீக்கடையில் முகம் பார்த்துப் பேசலாம் என்று சில நிலையங்களில் ஊழியர்களே முடிவு செய்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. எழுத்தில் சுடுவது நேரில் பாதிகூடச் சுடுவதில்லை.

ஏற்கெனவே மெமோ வாங்கியவர்கள் கவனிக்க: பதில் கொடுக்கப் பத்து நாள்தான் அவகாசம். கோபத்தில் எதையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். மெமோவின் நகலோடு ஞாயிறு காலை நம் சங்க அலுவலகத்துக்கு வந்தால் பதில் தயாரிக்க உதவுவோம். அந்தச் சண்டையின் மறுபக்கத்தில் இருந்தவருக்கும் மெமோ வந்திருந்தால் அவரையும் கூட அழைத்து வாருங்கள்.