செய்த வேலையை எழுதுங்கள்



நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டுப் பங்கு இல்லத்திற்கு வரும் இளைஞர் பலர் கையில் ஒரு தாளோடு வருகின்றனர். பயோடேட்டா என்று எல்லாரும் சொல்லிப் பழகிவிட்ட தாள் அது. பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், படிப்பு, மதிப்பெண் யாவும் ஒழுங்காக இருக்கும். அடியில், கடின உழைப்பாளி, நேர்மையானவர், எந்த வேலையும் செய்வேன் என்று மூன்று வாக்கியங்கள். பத்துப் பேர் தாள்களில் பெயரை மறைத்துவிட்டால், எது தன் பிள்ளையுடையது என்று பெற்ற தாய்க்கும் தெரியாது.

ஆலத்தியூர்ப் பக்கத்துக் குடும்பங்களை எண்ணியே இதனை எழுதுகிறோம். செந்துறை வட்டத்து அச்சிற்றூரில் 1997ஆம் ஆண்டு சிமெண்ட் ஆலை இயங்கத் தொடங்கியது. அன்று அதன் நிறுவனத்தின் பெயர் மெட்ராஸ் சிமெண்ட்ஸ். இன்று ராம்கோ சிமெண்ட்ஸ். அரியலூர் மாவட்டத்தில் வேறு ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் உண்டு. ஆகவே நம் பிள்ளைகளுக்கு அனுபவம் இல்லை என்பதன்று குறை. இருக்கும் அனுபவம் தாளில் ஏறுவதில்லை என்பதே குறை.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, ஒப்பந்தக்காரரிடம் இரண்டு ஆண்டு வேலை செய்த ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். 'ஆலையில் ஒப்பந்த வேலை, 2 ஆண்டு' என்று அவன் ஒரே வரியில் முடித்துவிடுவான். என்ன செய்தாய் தம்பி என்று கேட்டால் கதை வேறு. கல் ஏற்றிச் செல்லும் பெல்ட் கன்வேயரில் தேய்ந்த உருளைகளை ஓசையைக் கொண்டே கண்டுபிடிப்பான். பெல்ட்டில் கை வைக்குமுன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டி, எச்சரிக்கைச் சீட்டு மாட்டத் தெரியும். சூளையினுள் கல் ஏறத்தாழ 1450 டிகிரி செல்சியஸ் வரை வெந்து ஓரளவு உருகும். அதனைத் தாங்கும் உட்செங்கற்களை, ஆலையை நிறுத்தும் காலத்தில் பெயர்த்து மாற்றும் குழுவிலும் இருந்திருப்பான். இவற்றில் ஒன்றேனும் தாளில் இல்லை! எந்த இயந்திரம், அதில் தன் கை செய்தது என்ன, எத்தனை பேரோடு, எவ்வளவு காலம், அதனால் விளைந்தது என்ன என்று அவன் எழுதட்டும். நேர்மையானவர் என்னும் சொல்லைப் பிறர் சொல்லட்டும். அதற்குத்தானே எம்மிடம் சான்றிதழ் கேட்கிறார்கள்?

தன்னைத் தானே புகழ்வது முறையா என்று சில பெற்றோர் தயங்குவர். செய்ததைச் செய்தேன் என்பது புகழ்ச்சியன்று. ஓவியர் லியொனார்டோ டா வின்சி ஏறத்தாழ 1482இல் மிலான் நகர ஆட்சியாளருக்கு வேலை வேண்டி எழுதிய மடல் புகழ் பெற்றது. எளிதில் தூக்கிச் செல்லும் பாலங்கள் கட்டுவேன், கோட்டைகளைத் தகர்ப்பேன் என்று வரிசையாக எழுதிவிட்டு, ஓவியத்தைக் கடைசியில்தான் சொன்னார். போர்க்காலத்து ஆட்சியாளருக்குத் தேவை எது என்பதை அவர் அறிந்திருந்தார். அவற்றுள் எத்தனையை அதற்குமுன் செய்து பார்த்திருந்தார் என்பது வேறு கேள்வி. அதில் மட்டும் நம் பிள்ளைகள் அவரைப் பின்பற்ற வேண்டா.

ஏனெனில், சுரங்கத்தில் வெடி வைப்பவருக்குச் சுரங்கப் பாதுகாப்புத் துறையின் தகுதிச் சான்று கட்டாயம். வெடிப்பொருள் சுமந்து உதவியவன் 'வெடி வைத்த அனுபவம்' என்று எழுதினால், ஒரு நாள் அதை நம்பி அருகில் நிற்பவன் மற்றொரு வீட்டுப் பிள்ளை. 'உதவியாளராக' என்ற ஒரு சொல்லைச் சேர்ப்பதால் மதிப்புக் குறையாது.

ஒப்பந்தக்காரர் அனுபவச் சான்று தரவில்லையே என்று வருந்துவோருக்கு ஒரு வார்த்தை. வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்பட்டிருந்தால், அதன் கணக்கேட்டில் நிறுவனத்தின் பெயரும் பணம் கட்டிய மாதங்களும் இருக்கும். 2014 முதல் நடைமுறையில் உள்ள யு.ஏ.என். எண்ணைக் கொண்டு அதனை எடுத்து, விண்ணப்பத்தோடு இணைக்கலாம்.

தாய்மார்களும் தங்கள் தாளை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுவில் ஆண்டுக்கணக்காகப் பேரேடு எழுதி, வங்கிக் கடனைத் தவணை தவறாமல் கட்டி முடித்த பெண்மணி, அனுபவம் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்து வைத்திருக்கிறார்.