கயிறு பிடித்த கையே கழிவையும் எடுக்கட்டும்

மாசி கடைசி ஞாயிறன்று சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கிவிட்டால், திருச்சியைச் சுற்றியுள்ள சாலைகளில் எல்லாம் மஞ்சள் உடைதான். துறையூர், பெரம்பலூர், புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று பல திசைகளிலிருந்தும் பூத்தட்டு ஏந்தியும், தீச்சட்டி ஏந்தியும், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டும் மக்கள் நடந்து வருகிறார்கள். பக்தர்களின் நலனுக்காக மாரியம்மனே இருபத்தெட்டு நாள் பச்சைப்பட்டினி கிடக்கும் காலம் அது. இளநீர், பானகம், துள்ளுமாவு போன்றவைதான் அவளுக்குப் படையல். தாயே பட்டினி கிடக்கையில் நம் காலுக்குச் செருப்பு எதற்கு என்று வெறுங்காலோடு வருகிறவர்கள் இவர்கள். வெயிலுக்கு அஞ்சிப் பலர் இரவில் நடக்கிறார்கள். பகலில் நடப்பவர்கள் கொதிக்கும் தாரை விட்டு ஓரத்து மண்ணில் இறங்கிக்கொள்கிறார்கள். கொள்ளிடம் பாலம் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட் வழியாகச் சமயபுரம் போகும் அந்த ஓரத்து மண்ணில்தான், விடிகாலையில் நாய் வளர்ப்போர் தங்கள் நாய்களை நிறுத்துகிறார்கள்.

நாயை வெளியே அழைத்து வருகிறவர் கையில் கயிறோடு ஒரு கழிவள்ளியும் பையும் இருந்தே ஆக வேண்டும். ஸ்ரீரங்கம் தொடங்கிச் சமயபுரம் வரையுள்ள நடைவழியில் இதை விதியாக்கி, அடுத்த பூச்சொரிதலுக்கு முன் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். இதுவே நம் கோரிக்கை.

கழிவள்ளி என்பது பெரிய இயந்திரம் அல்ல. இரண்டு மூன்று அடி நீளக் கைப்பிடி. அதன் மேல்முனையில் ஒரு விசை, கீழ்முனையில் திறந்து மூடும் இரண்டு தாடைகள். தாடைகளுக்குள் பையை மாட்டி, விசையை அழுத்தித் திறந்து, கழிவின் மேல் வைத்து விட்டால் கவ்விக்கொள்ளும். கழிவு நேராகப் பைக்குள் போய்விடும். கை படாது, குனியவும் வேண்டாம். முழங்கால் வலியும் முதுகு வலியும் உள்ள முதியவர்கள்தான் காலையில் நாயோடு நடப்பவர்களில் பலர். குனிய முடியாது என்ற அவர்களது காரணம் உண்மையானது. அந்தக் காரணத்தைத் தீர்க்கத்தான் இந்தக் கருவி. மண் தரைக்கு இந்தத் தாடை வகை நல்லது. ஸ்ரீரங்கத்து உத்திர வீதி, சித்திரை வீதி போன்ற கெட்டித் தரைகளுக்கு, நீளக் கைப்பிடி வைத்த தகர முறமும் ஒரு வழிப்பானும் சேர்ந்த வகை இன்னும் சுலபம். இளகிய கழிவென்றால் முதலில் ஒரு பிடி மண்ணோ சாம்பலோ தூவிவிட்டு அள்ளினால் தரையில் ஒட்டாமல் வந்துவிடும். சில நூறு ரூபாய்க்குள் முடிகிற செலவு இது. நாய்க்கு மாதந்தோறும் ஆகும் தீவனச் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

வெறுங்கால் பட்டால் என்ன ஆகும், கழுவினால் போயிற்று என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நாயின் குடலில் வாழும் கொக்கிப்புழுவின் முட்டைகள் கழிவோடு வெளியே வருகின்றன. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் அவை பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் தோலைத் துளைக்கும் புழுக்களாகிவிடும். காலில் செருப்பு இல்லாதவரின் பாதமே அவற்றுக்கு வாசல். சில வகைகள் தோலுக்கடியில் ஊர்ந்து, பாம்புத் தடம் போல நெளிந்த கோட்டையும் தாங்க முடியாத அரிப்பையும் தரும். இலங்கையின் பழைய பெயரைத் தாங்கிய 'அன்சைலோஸ்டோமா சிலானிகம்' என்ற வகையோ, தோலோடு நிற்காமல் மனிதக் குடலுக்கே போய் வளர்ந்து இரத்தத்தை உறிஞ்சும். ஆசியாவின் வெப்பப் பகுதிகளில் அது பரவலாக உள்ளது. இன்னொரு புழு டாக்ஸோகாரா. அதன் முட்டை மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்த பிறகே நோய் தரும் நிலைக்கு வருகிறது. வந்துவிட்டாலோ ஆண்டுக்கணக்கில் அழியாது. மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் குழந்தையின் ஈரலுக்கும், நுரையீரலுக்கும், சில சமயம் கண்ணுக்கும் அது போகிறது.

மிகைப்படுத்தத் தேவையில்லை. சித்திரை வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையில் இந்தக் கொக்கிப்புழுக்கள் பிழைப்பதில்லை. ஆபத்து இருப்பது மரநிழல் மண்ணில், தண்ணீர்ப் பந்தலைச் சுற்றியுள்ள ஈரத்தில், கொள்ளிடக் கரையில். களைத்துப்போனவர்கள் உட்காருவதும் படுப்பதும் அங்கேதான். தைப்பூசத்தன்று சமயபுரத்தாள் கொள்ளிடத்துக்கு எழுந்தருளி, அண்ணன் ஸ்ரீரங்கம் ரங்கநாதர் அனுப்பும் சீரை வாங்கிக்கொள்ளும் மணற்கரையும் அதுவே. அமாவாசை இரவுகளில் கோயிலைச் சுற்றித் துண்டு விரித்துப் படுப்பவர்களையும், வேண்டுதலுக்காகத் தரையில் உருண்டு அங்கப்பிரதட்சணம் செய்பவர்களையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் இதைவிட நெருக்கமாகத் தரையோடு உடம்பு படும் இடங்கள் மிகக் குறைவு.

முட்டை பொரிய நாள் பிடிக்கிறது என்பதால்தான் கழிவள்ளி இத்தனை பயனுள்ளதாகிறது. விழுந்த அன்றே அள்ளிவிட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடுகிறது. வாரத்துக்கு ஒருமுறை வரும் துப்புரவு வண்டியால் இதைச் செய்ய முடியாது. கழிவு விழும் நிமிடத்தில் பக்கத்திலேயே நிற்பவர் நாயின் உரிமையாளர் ஒருவர்தான். ஆண்டுக்கு இருமுறை தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகளுக்கு அரசு மாத்திரை கொடுக்கிறது. மாத்திரை விழுங்கிய பிள்ளை அதே மண்ணுக்குத்தான் மாலையில் விளையாடப் போகிறது.

தெருநாய்களை என்ன செய்வது என்பதே எங்கும் எழும் எதிர்வாதம். தெருவில் கிடப்பதில் பெரும்பகுதி ஊர்நாய்களுடையது, எங்கள் வீட்டு ஒரு நாயைப் பிடித்துக் கேள்வி கேட்பது என்ன நியாயம் என்கிறார்கள். இந்த வாதத்தில் பாதி நியாயம் உண்டு. தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அதே பகுதியில் விட வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்கின்றன. 2025 ஆகஸ்ட் 22ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவும், குடற்புழு நீக்கத்தையும் சேர்த்து, உணவிடுவதற்குத் தனி இடங்களை ஒதுக்கச் சொன்னது. அந்த வேலை உள்ளாட்சிகளின் கடமை. அதில் சுணக்கம் காட்டினால் கண்டிக்க நாமும் வருகிறோம். ஆனால் ஒருவர் கடமை தவறுகிறார் என்பது இன்னொருவர் கடமை தவறுவதற்கு அனுமதி ஆகாது. தெருநாய்க்குச் சொந்தக்காரர் இல்லை. கழுத்துப்பட்டையும் பெயரும் உள்ள நாய்க்கு இருக்கிறார்.

மற்றொரு வாதம், வரி கட்டுகிறோம், மாநகராட்சி கூட்டட்டும் என்பது. இதை முழுமையாகச் சோதித்துப் பார்த்த நகரம் பாரிஸ். நாய்க்கழிவை உறிஞ்சும் கருவி பொருத்திய மோட்டார் சைக்கிள்களை 1982இல் தெருவில் இறக்கி, இருபது ஆண்டுக்கு மேல் ஓட்டிப் பார்த்தது. செலவு ஏறியதே தவிர நடைபாதை தூய்மை ஆகவில்லை. 2004இல் அந்த வண்டிகளை நிறுத்திவிட்டு, அள்ளாத உரிமையாளருக்கு அபராதம் என்ற வழிக்கு வந்துசேர்ந்தது. நியூயார்க்கில் அத்தகைய சட்டம் 1978 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் உள்ளது. எட் கோச் மேயராக இருந்தபோது வந்தது. நடக்கவே நடக்காது என்று அன்று எதிர்த்தவர்கள் ஏராளம். இன்று அந்த ஊரில் நாயோடு வெளியே கிளம்புகிறவர் பையில்லாமல் கிளம்பத் தயங்குகிறார். நம் உறவினர்கள் வாழும் சிங்கப்பூரிலும் அள்ளாமல் போனால் அபராதம் உண்டு. அவ்வளவு தூரம் போக வேண்டாம், மும்பை மாநகராட்சி 2006ஆம் ஆண்டுத் துணைவிதிகளிலேயே வளர்ப்பு விலங்கின் கழிவை அள்ளாதவருக்கு 500 ரூபாய் அபராதம் வைத்தது.

இந்த ஊர்களையெல்லாம் பார்த்துக் கற்க வேண்டிய நிலையில் திருச்சி மாவட்டம் இல்லை என்பதே நமக்குப் பெருமை. மனிதக் கழிவு விஷயத்தில் நாட்டுக்கே பாதை காட்டிய மண் இது. திருச்சியின் கல்மந்தை 2002இல் நாட்டிலேயே திறந்தவெளி மலம்கழித்தல் ஒழிந்த முதல் குடிசைப்பகுதியானது. அதைச் செய்து முடித்தவர்கள் அங்கேயே வாழ்ந்த பெண்கள். பொதுக் கழிப்பறையின் சாவியையும் கணக்கையும் அவர்கள் கையில் கொடுத்து உடன் நின்றது கிராமாலயா என்ற தொண்டு நிறுவனம். அதன் நிறுவனர் தாமோதரனுக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, முசிறியில் ஈகோசான் எனும் சூழலியல் கழிப்பறைகளைப் பரப்பிய மராச்சி சுப்புராமனுக்கு அதே விருது. 2016ஆம் ஆண்டின் தூய்மை நகரங்கள் பட்டியலில் திருச்சிக்கு மூன்றாம் இடம். இந்தச் சாதனைகளின் அடியில் இருப்பது ஒரே பாடம்: பயன்படுத்துகிறவரே பொறுப்பேற்ற இடத்தில் தூய்மை நிலைத்தது. அந்தப் பாடத்தை நாய்க்கும் நீட்டிக்க நமக்கு என்ன தடை?

தடை ஒன்று இருக்கிறது. பேசத் தயங்குகிறோம், பேசியாக வேண்டும். கழிவை எடுப்பது நம் வேலையில்லை, அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறியிருக்கிறது. அந்த 'ஆட்கள்' யார் என்பது எல்லோருக்கும் தெரியும். தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைச் சுமத்தப்பட்டவர்கள். மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளவைப்பதை 2013ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியது. நாய்க்கழிவு அந்தச் சட்டத்தில் இல்லை. ஆனால் தென்னந்துடைப்பமும் தகரத் துண்டுமாகக் குனிந்து அதைச் சுரண்டும் தூய்மைப் பணியாளருக்கு வித்தியாசம் என்ன? காலையில் அவர் கூட்டிக்கொண்டிருக்கும்போதே, இரண்டடி தள்ளி நாயை உட்காரவைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் நகர்பவர்களை நம் வீதிகளில் காணலாம். அவரை மனிதராகக் கருதாத நடத்தை இது. செல்லமாக வளர்க்கிறோம், வீட்டுப் பிள்ளை மாதிரி என்று சொல்கிறோம். பிள்ளையின் கழிவை எடுக்கத் தெருக்கூட்டுபவரை யாரும் கூப்பிடுவதில்லை.

அள்ளிய பிறகு என்ன செய்வது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பாதி வேலை அங்கேதான் கெடுகிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை. கழிவள்ளிக்கு என்று சொல்லி அதைத் திரும்ப உள்ளே விடக் கூடாது. பழைய செய்தித்தாளை மடித்து ஒட்டிய பை போதும், அதை மகளிர் சுயஉதவிக் குழுக்கள் செய்து தரலாம். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழிவை மட்டும் கழிப்பறையில் கொட்டிவிடலாம். கொல்லை உள்ளவர்கள் கிணற்றுக்கும் காய்கறிப் பாத்திக்கும் தள்ளி ஆழக் குழி வெட்டி மூடலாம். இரண்டும் முடியாதவர்கள் நன்றாகச் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும். மட்கும் குப்பையோடு மட்டும் கலக்கவே கூடாது. நுண்ணுர மையத்துக்குப் போய் உரமாகி, புழு முட்டையோடு வயலுக்குத் திரும்பும். மாட்டுச் சாணம் போல இதுவும் உரம்தானே என்று நினைப்பது தவறு. இறைச்சி தின்னும் பிராணியின் கழிவு அது. கருவியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைத்தால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். பெல் நிறுவனத்துக்குத் தகடு வெட்டி வளைத்துக் கொடுக்கும் துவாக்குடிப் பட்டறைகளுக்கு இதைச் செய்வது ஒரு வேலையே அல்ல.

பொது இடத்தில் யாரும் கழிவைப் போடக் கூடாது என்பதையும், போடுபவருக்கு அங்கேயே அபராதம் விதிக்க உள்ளாட்சிகள் துணைவிதி வகுக்க வேண்டும் என்பதையும் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. ஆகவே திருச்சி மாநகராட்சியும் சமயபுரத்தை உள்ளடக்கிய ச. கண்ணனூர் நிர்வாகமும் புதுச் சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இரண்டும் ஒரே நாளில் ஒரே மாதிரித் தீர்மானம் போட்டால்தான் நடைவழி முழுக்க ஒரே விதி இருக்கும். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்றிருந்தால் எவரும் மதிக்க மாட்டார்கள். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயமாகியிருக்கிறது. இங்கும் உரிமம் வழங்கும்போதே தடுப்பூசிச் சான்றோடு குடற்புழு மருந்து கொடுத்த சான்றையும் கேட்கலாம், கழிவள்ளியை மானிய விலையில் கையில் கொடுத்தே அனுப்பலாம். முதல் மூன்று மாதம் எச்சரிக்கை, பிறகு அபராதம். அபராதப் பணம் பொதுக் கணக்கில் கரைந்துபோகாமல் அந்தந்தத் தெருவின் தூய்மைப் பணியாளர்களுக்குக் கையுறை, நீளக் கைப்பிடிக் கருவி, முழங்கால் வரை வரும் காலணி வாங்கப் போக வேண்டும். தெருநாய்க் கழிவை அள்ளும் வேலை அவர்களிடம் இருக்கும் வரை, இந்தக் கருவியைப் பெறும் முதல் உரிமை அவர்களுடையது.

இந்து சமய அறநிலையத் துறைக்கும் இதில் பங்குண்டு. பூச்சொரிதல் நாட்களிலும் சித்திரைத் தேரின்போதும் கோயில் நிர்வாகம் நடைவழிக்குத் தண்ணீர்ப் பந்தலும் விளக்கும் ஏற்பாடு செய்கிறது. பந்தலைச் சுற்றி ஐம்பது அடி மண்ணை நாள்தோறும் அள்ளிக் கூட்டுவதை அந்த ஏற்பாட்டில் சேர்க்கட்டும். விழாவுக்கு முந்தைய ஒரு மாதம் அந்த ஓரங்களில் நாய் எதுவும் நிறுத்தப்படாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். டாக்ஸோகாரா முட்டைக்குத் தேவைப்படும் இரண்டு மூன்று வாரம் அதற்குள்தான் வருகிறது. தைப்பூசத்துக்கு முன் தீர்மானம் நிறைவேறினால் மாசி வருவதற்குள் பழக்கம் பிடித்துவிடும்.