என் எடிட்டர், நம்ம ரெப்போ

மென்பொருள் எழுதுகிறவர்களுக்குள் மனக்கசப்பு வரச் சம்பளமோ பதவி உயர்வோ வேண்டியதில்லை. ஒரு செட்டிங்ஸ் கோப்பு போதும். பிரிக்பீல்ட்ஸில் கேஎல் சென்ட்ரலை ஒட்டிய அலுவலகங்களில் வேலை பார்க்கும் யாரையாவது பசியாறும் நேரத்தில் பிடித்துக் கேட்டுப் பாருங்கள். அவரிடமும் இப்படி ஒரு கதை இருக்கும்.

எழுதிய நிரலைத் தொகுத்து, சோதித்து, ஓடக்கூடிய உருவில் தருவது பில்ட் கருவி. 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய 'மேக்' தொடங்கி, மேவன், கிரேடில், சிமேக் என்று அது பெரிய குடும்பம். எடிட்டர் நாம் உட்கார்ந்து எழுதும் இடம். எடிட்டரை விட்டு வெளியே போகாமல், ஒரே பொத்தானில் பில்ட் ஓட வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. நியாயமான ஆசைதான். ஆனால் அதற்கு, ஜாவா புராஜெக்ட் என்றால், ஜாவா எங்கே இருக்கிறது, எந்தப் பதிப்பு என்றெல்லாம் எடிட்டருக்குத் தெரிய வேண்டும். தெரிந்துகொண்டதை அது பல நேரம் புராஜெக்டுக்குள்ளேயே எழுதிவைக்கிறது. அந்தப் புராஜெக்டோ, குழுவின் பொதுக் கிடங்கான ரெப்போவிலிருந்து கிட் வழியாக எல்லாருக்கும் போகிறது. வில்லங்கம் அங்கேதான்.

எங்கள் குழுவில் ஒருவருடைய எடிட்டர் பழைய ஜாவாவையே பிடித்துக்கொண்டு நின்றது. எங்கோ படித்துவிட்டு, புராஜெக்டின் கிரேடில் புராப்பர்ட்டீஸ் கோப்பில் ஜாவா ஹோம் என்று ஒரு வரி சேர்த்தார்: சி டிரைவ், புரோகிராம் ஃபைல்ஸ், ஜாவா, ஜேடிகே 17. அவருக்கு ஓடிவிட்டது. கட்டணக் கணக்கில் செய்த மூன்று வரித் திருத்தத்தோடு இதுவும் ஒட்டிக்கொண்டு ரெப்போவுக்குள் போய்விட்டது. மறுநாள் கிள்ளானிலிருந்து கொமுட்டரில் வந்து இறங்கிய, எங்கள் குழுவின் தங்கை ஒருவர் தன் மேக்புக்கைத் திறந்தார். "அண்ணே, நேத்து ஓடுனது இன்னைக்கு ஓடலயே. நான் ஒண்ணுமே தொடல." மேக்புக்கில் சி டிரைவுக்கு எங்கே போவது? ஜாவா இருப்பிடம் செல்லாது என்று கிரேடில் வாசலிலேயே நிறுத்திவிட்டது. லினக்ஸில் ஓடும் பில்ட் சர்வரும் சிவப்பு. அவசரத்தில் அவர் அந்த வரியில் தன் மேக்புக்கின் பாதையைப் போட்டு கமிட் செய்தார். இப்போது விண்டோஸ்காரருக்கு ஓடவில்லை.

அந்த வரிக்கு வேறு இடம் உண்டு. அவரவர் ஹோம் கோப்புறையில், கிரேடிலின் சொந்தக் கோப்புறைக்குள், அதே பெயரில் இன்னொரு கோப்பு வைக்கலாம். இரண்டும் முரண்பட்டால் அங்கே இருப்பதுதான் செல்லும். விஎஸ் கோடில் நிலைமை தலைகீழ்: புராஜெக்ட் கோப்புறையில் இருக்கும் செட்டிங்ஸ், நம் சொந்த செட்டிங்ஸை மிஞ்சும். ஒருவர் சேமிக்கும்போதெல்லாம் கோப்பைத் தானாக ஒழுங்குபடுத்தச் சொல்லி, உள்தள்ளல் இரண்டு ஸ்பேஸ் என்று அங்கே எழுதிவிட்டால், மற்றவர் ஒரு கமாவைத் திருத்திச் சேமித்தாலே கோப்பு முழுக்க மாறிவிடும். டிஃப்பைத் திறந்தால் சிவப்பும் பச்சையுமாகத் தீபாவளி. அதற்குள் அந்தக் கமாவைத் தேடுவது ரிவ்யூ செய்கிறவரின் தலையெழுத்து.

இதற்குப் பலரும் சொல்லும் மருந்து, எடிட்டர் கோப்புறைகளை மொத்தமாக கிட்இக்னோரில் போடுவது. சோம்பேறி மருந்து. டீபக் செய்யும் அமைப்பு, எந்த எக்ஸ்டென்ஷன்கள் வேண்டும் என்ற பரிந்துரை இதெல்லாம் பகிரத்தக்கவை. புதிதாகச் சேர்கிறவருக்கு அவைதான் முதல் நாள் துணை. இன்டெலிஜேயின் ஐடியா கோப்புறையில் பெரும்பாலானவற்றைப் பகிரலாம், ஒர்க்ஸ்பேஸ் கோப்பு போன்ற சொந்தச் சமாச்சாரங்களை மட்டும் விட்டுவிடுங்கள் என்று அதைச் செய்கிற ஜெட்பிரெயின்ஸே சொல்கிறது. போதாக்குறைக்கு, ஏற்கெனவே கிட்டுக்குள் போய்விட்ட கோப்பை இக்னோரில் எழுதிப் பயனில்லை. முதலில் கிட்டின் கணக்கிலிருந்து அதை நீக்க வேண்டும். எல்லாரும் ஒரே எடிட்டருக்கு மாறுங்கள் என்கிற மேலாளரைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

எது தனி, எது பொது என்கிற இந்தக் கோட்டைக் கோலாலம்பூர்த் தமிழர்கள் முன்பே பார்த்திருக்கிறோம். யூனிகோட் பரவுவதற்கு முன், ஓர் அலுவலகத்தில் அடித்த தமிழ்க் கோப்பை இன்னோர் அலுவலகத்தில் திறந்தால் வெறும் கிறுக்கல். அவரவர் எழுத்துருவின் குறியீடு கோப்புக்குள்ளேயே புகுந்திருந்ததால் வந்த வினை. நம் ஊர் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில் இன்று நான் ரோமன் எழுத்தொலிப்படி அடிக்கிறேன், இன்னொருவர் தமிழ்99இல் அடிக்கிறார், தட்டச்சுப் பள்ளியில் பழகியவர் பழைய தட்டச்சு முறையிலேயே அடிக்கிறார். கோப்பில் விழுவது ஒரே யூனிகோட். இந்தப் பத்தியை எந்த விசைப்பலகையில் அடித்தேன் என்று ஆசிரியர் கேட்டதே இல்லை.

கருவி செய்கிறவர்களும் பட்டுத் தெளிந்திருக்கிறார்கள். 2020இல் வந்த சிமேக் 3.19இல் பிரீசெட் கோப்புகள் இரண்டு: ஒன்று குழுவுக்கு, 'யூசர்' என்று பெயரிலேயே இருக்கும் மற்றது அவரவருக்கு, அதை கிட்டில் சேர்க்கக் கூடாது. ஈமேக்ஸிலும் கோப்புறை அமைப்புக்கு இரண்டாம் கோப்பு ஒன்று உண்டு, ரெப்போவில் இருப்பதைத் தொடாமல் நம் விருப்பத்தை எழுதிக்கொள்ள. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ உருவாக்கும் லோக்கல் புராப்பர்ட்டீஸ் கோப்பின் தலையிலேயே, இதைச் சேர்க்காதே என்று எச்சரிக்கை இருக்கும்.

ஆனால் இரண்டு கோப்பு வைப்பதைவிட, எடிட்டரைப் பில்ட் கருவியிடம் கேட்க வைப்பதே மேல் என்பது என் கட்சி. முன்பெல்லாம் கிரேடில், எக்லிப்ஸுக்கான கோப்புகளை உருவாக்கித் தரும். அவற்றை கமிட் செய்துவிட்டு, ஆறு மாதம் கழித்து பில்ட் ஒன்று சொல்ல, எடிட்டர் இன்னொன்று சொல்ல, நாம் நடுவில் முழிப்போம். இப்போது எக்லிப்ஸும் இன்டெலிஜேயும் கிரேடிலின் டூலிங் ஏபிஐ வழியாக, எந்த நூலகம், எந்தக் கோப்புறை என்று அதனிடமே கேட்டுக்கொள்கின்றன. ஒழுங்குபடுத்தும் வேலையையும் அப்படியே ஸ்பாட்லெஸ் மாதிரி ஒன்றை வைத்து பில்டிடமே ஒப்படைக்கலாம். உள்தள்ளல் போன்ற சில்லறைகளுக்கு எடிட்டர்கான்ஃபிக் என்ற பொதுக் கோப்பு இருக்கிறது. விம்மோ விஎஸ் கோடோ, பெரும்பாலான எடிட்டர்கள் நேரடியாகவோ ஒரு எக்ஸ்டென்ஷன் வழியாகவோ அதைப் படிக்கும்.

நம் கணினிக்கு மட்டும் ஒன்றை மறைக்க வேண்டுமென்றால் பொது கிட்இக்னோரைத் தொட வேண்டாம். கிட்டின் சொந்தக் கோப்புறைக்குள் இன்ஃபோ, அதற்குள் எக்ஸ்க்ளூட் என்று ஒரு கோப்பு சும்மா கிடக்கிறது. அதில் எழுதினால் வேறு யாருக்கும் போகாது.

எங்கள் குழு இப்போது பில்ட் சர்வரில் ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறது. பொதுக் கோப்புகளில் யாருடைய கணினிப் பாதையாவது கண்ணில் பட்டால் மெர்ஜ் ஆகாது. வைத்த வாரமே ஒருவர் மாட்டினார், அந்தச் சோதனையை எழுதியவரே.