கால் வழியா வந்த கழிவு

போன மாசம் அம்மா ஊர்ல இருந்து புனே வந்திருந்தாங்க. ஆபீஸ்ல கொடுத்த ஸ்பா கூப்பன் ஒண்ணு சும்மா கிடந்துச்சு. முதுகுக்கு எண்ணெய் தேய்ச்சு விடுவாங்களேன்னு கூட்டிட்டுப் போனேன்.

மசாஜ் முடிஞ்சதும் 'ஃபுட் டீடாக்ஸ்' இலவசம்னாங்க. உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணியில காலை வெச்சு, கூடவே ஒரு மின்கருவியை இறக்கினாங்க. அரை மணி நேரத்துல தண்ணி செங்கல் நிறமாயிடுச்சு. "உடம்புல இருந்த நச்செல்லாம் வெளியே வந்துடுச்சு, பத்து தடவை வந்தா சர்க்கரையும் குறையும்"னார் மேனேஜர். அவர் இந்தியில சொன்னதை அம்மாவுக்குத் தமிழ்ல சொன்ன புண்ணியவான் நான்தான்.

நாலு நாள் கழிச்சுப் பார்த்தா, சர்க்கரை மாத்திரை அட்டை அப்படியே இருக்கு. கேட்டா, "அதான் எல்லாம் வெளியே போயிடுச்சேடா!"

அன்னிக்கு ராத்திரி தேடிப் படிச்சேன். விஷயம் ஸ்கூல் கெமிஸ்ட்ரிதான். உப்புத் தண்ணியில மின்சாரம் பாய்ஞ்சா, கருவியில இருக்கிற இரும்புத் தகடு அரிச்சுத் துரு கலக்கும். காலே வைக்காட்டியும் தண்ணி நிறம் மாறும். நம்ம உடம்புல கழிவை வெளியேத்துற வேலையை கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளம் இல்லாம செஞ்சுட்டு இருக்கு. இன்னொண்ணு: சர்க்கரை உள்ளவங்களுக்குப் பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருக்கலாம். தண்ணி கொஞ்சம் சூடா இருந்தாலும் தெரியாம கொப்புளம் வந்துடும்.

நான் ஸ்பாவுக்கு எதிரி இல்லீங்க. பத்து மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ற கழுத்துக்கு மசாஜ் சுகம்தான். அம்மாவுக்கும் அன்னிக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு. அதுக்குக் காரணம் அந்த மிஷின் இல்லை, ஒரு மணி நேரம் முதுகு தேய்ச்சு விட்ட பொண்ணோட கை. அந்தக் கைக்குக் காசு வாங்குங்க, சந்தோஷமா தர்றோம். சுகத்தை சுகம்னே விக்கலாமே, எதுக்கு மருந்துன்னு பேர் வைக்கணும்?

அம்மா இப்போ மறுபடி மாத்திரை போடுறாங்க, டாக்டர்கிட்ட திட்டும் வாங்கியாச்சு. பெரியவங்களை ஸ்பாவுக்குக் கூட்டிட்டுப் போறவங்க ஒண்ணு மட்டும் செய்யுங்க. மேனேஜர் சொல்றதை எல்லாம் என்னை மாதிரி மொழிபெயர்க்காதீங்க.