வேகமானியை மாற்றுவோர்க்கு ஒரு சொல்

நம் மாணவருள் மோட்டார் சைக்கிள் உடையார் பலர். அவருட் சிலர், தம் வண்டியின் முகப்பிலுள்ள மீட்டரைக் கழற்றிவிட்டு, வேறோராண்டு மாதிரிக்கு உரியதனைப் பூட்டிக்கொள்வதை அழகென்று கருதுகின்றனர். பழம்பொருட் கடைகளில் அவை மலிவாகக் கிடைத்தலும் ஒரு காரணமாம். யாம் அதனைத் தடுக்க முன்வரவில்லை. மாற்றியதை மறைத்தல் தகாது என்பதே எம் கருத்து.

1955-இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து நிறுவனத்தோடு கூட்டுச்சேர்ந்தபின், புல்லட் வண்டி திருவொற்றியூரில் உருவாயிற்று. அதன் வேகமானி மிக எளியது. முன்சக்கரத்தினின்று வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதனைச் சூழ்ந்த உலோகக் கிண்ணம் உடன் இழுபடும். மயிரனைய சுருள்வில் அதனைத் தடுக்கும். இழுப்பும் தடையும் ஒத்துநிற்குமிடத்தில் முள் நிற்கும். ஆகவே எந்த மீட்டரும் ஓர் அளவுச் சக்கரத்துக்கென்றே செய்யப்பட்டது. பழமையில் மோகங்கொண்டு மைல் பொறித்த மீட்டரைப் பூட்டுவாரும் உளர். அதில் 40 என்று கண்டால், செல்வது 64 கிலோமீட்டர் வேகம் என்பதை அவர் மறவாதிருப்பாராக!

பழைய புல்லட்டின் சக்கரம் 19 அங்குலம். 2016-இல் வெளிவந்த நெடும்பயண வண்டியாகிய ஹிமாலயனின் முன்சக்கரமோ 21 அங்குலம். 2023-இல் வந்த புதிய ஹிமாலயனில் வட்டத்திரையொன்று வழியையும் காட்டுகின்றது. அதனைப் பழைய வண்டியிற் பொருத்த முயல்வது, எழுத்தறியாதான் கையில் ஏட்டைக் கொடுத்தலை ஒக்கும். எஞ்சினை ஆளும் கணினியோடு அத்திரை பேசும் மொழி பழைய வண்டிக்கு விளங்காது.

இனி எம் இல்லத்து நிகழ்ச்சி. அணுபுரத்திலுள்ள எம் தமையனார், 21 அங்குல முன்சக்கரமுடைய பழைய வண்டியொன்றைச் செங்கற்பட்டில் ஒருவரிடம் வாங்கினார். மீட்டர் 18,000 கிலோமீட்டர் என்றது. செயினோடும் பற்சக்கரத்தின் பற்களோ ஊசிபோல் தேய்ந்திருந்தன. ஐயுற்று, மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கம் செல்லும் கடற்கரைச் சாலையில் கிலோமீட்டர்க் கற்களை எண்ணிக்கொண்டே சென்றோம். பத்துக் கல் கடந்தபோது மீட்டர் ஒன்பதேகாலுக்குச் சற்று மேலே காட்டிற்று. அது 19 அங்குலச் சக்கரத்துக்குரிய மீட்டரென்று மெக்கானிக் பின்னர்க் கூறினார். பெரிய சக்கரம் ஒரு சுற்றில் மிகுதியாக ஓடும்; அதனை மீட்டர் அறியாது. முள் 60-இல் நின்றபோதெல்லாம் தமையனார் 64-க்கு மேல் ஓட்டியிருக்கிறார். வேகம் திருத்தக்கூடியது. வண்டி உண்மையில் எத்துணைத் தூரம் ஓடிற்று என்பதை இனி எவரும் அறியார். அக்கணக்கு, கழற்றிய மீட்டரோடு போயிற்று.

'மீட்டர் கெட்டால் மாற்றாமல் என் செய்வது?' என்று நண்பர் கேட்கின்றனர். மாற்றுக, சக்கர அளவும் கம்பியிணைப்பும் ஒத்ததையே தேர்க. பழைய மீட்டரின் எண், புதியதன் எண், மாற்றிய நாள் மூன்றையும் ரசீதில் எழுதி, வாகனப் பதிவுச் சான்றோடு வைத்திடுக. ஒரு மணித்துளி வேலை அது. விலை குறையுமென்று அஞ்சியே பலர் எழுதாது விடுகின்றனர், குறையத்தான் செய்கிறது. தமையனார் இப்போது அவ்வண்டியை விற்க முயல்கின்றார். மீட்டர் பிறிதொன்றன் மீட்டர் என்பதை வருவோரிடமெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகின்றார். மூவர் வந்து பார்த்துத் திரும்பினர். அன்னையார்க்கு வருத்தமே. நான்காமவர், கொடுத்த விலையிற் பாதிக்குக் கேட்டிருக்கின்றார்.