வழக்குரைஞராக விழைவார்க்கு எந்தப் பட்டம்?

ஆண்டுதோறும் மாணவர் சேர்க்கைக் காலத்தில் நம் துறையின் வாயிலில் ஒரு காட்சியைக் காண்கிறோம். மகனையோ மகளையோ உடன் அழைத்துவரும் தந்தையார், தயங்கித் தயங்கி ஒரு வினாவை எழுப்புகிறார். "பிள்ளைக்கு வக்கீலாக வேண்டும் என்று ஆசை, ஐயா. ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் இடம் கிடைக்கவில்லை. இங்கே தமிழில் சேர்த்தால் மூன்று வருடம் வீணாகிப் போய்விடாதா?" துணைக்கு வந்த ஜமாஅத் பெரியவரும், "காமர்ஸாவது எடுக்கட்டுமே" என்கிறார். பிள்ளையோ தலை கவிழ்ந்து நிற்கிறது.

அந்த வினாவிற்குரிய விடையை இம்மலரின் வாயிலாகப் பொதுவில் வைக்க விழைகிறோம்.

முதற்கண், வழிகளை அறிந்துகொள்வோம். சட்டக் கல்விக்கு நம் நாட்டில் இரண்டு வாயில்கள் உள்ளன. மேனிலைக் கல்வி முடித்ததும் சேரும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு ஒன்று. ஏதேனும் ஒரு துறையில் பட்டம் பெற்றபின் சேரும் மூன்றாண்டுப் படிப்பு மற்றொன்று. இரண்டாவது வழியில் ஓராண்டு கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மையே. ஆயினும், முதற்பட்டம் இன்ன பாடத்தில்தான் இருத்தல் வேண்டும் என இந்திய வழக்குரைஞர் கழகம் விதிக்கவில்லை. பொதுப் பிரிவினர்க்கு நூற்றுக்கு 45, பிற்படுத்தப்பட்டோர்க்கு 42, பட்டியல் இனத்தார்க்கும் பழங்குடியினர்க்கும் 40 என்னும் குறைந்த அளவு மதிப்பெண்ணையே அது கேட்கிறது. படிப்பு முடித்தோர் மாநில வழக்குரைஞர் கழகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2010ஆம் ஆண்டு கொண்டுவரப்பெற்ற அகில இந்தியத் தகுதித் தேர்விலும் வெற்றி பெற வேண்டும். இவ்விரண்டிலும் தமிழ்ப் பட்டதாரிக்குத் தடை ஏதும் இல்லை.

'சொலிசிட்டர்' ஆக வேண்டும் எனக் கனவு காணும் மாணவர் சிலரும் உளர். நீதிமன்றத்தில் வாதிடுவோர் வேறு, ஆவணங்களை வகுத்துக் கட்சிக்காரருக்கு அறிவுரை கூறுவோர் வேறு என்னும் பிரிவு இங்கிலாந்திற்கு உரியது. இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் வழக்குரைஞர் சட்டமும் 1976ஆம் ஆண்டின் திருத்தமும் அனைவரையும் ஒரே அணியில் சேர்த்துவிட்டன. அந்த இங்கிலாந்திலுங்கூட, 2021இல் புகுத்தப்பட்ட புதிய தேர்வுமுறையின்படி, எப்பாடத்தில் பட்டம் பெற்றவரும் அத்தேர்வில் வென்று, ஈராண்டுப் பணிப்பயிற்சியும் முடித்துச் சொலிசிட்டர் ஆகலாம். இலக்கியம் கற்றவர்க்கு அங்கும் கதவு திறந்தே இருக்கிறது.

கதவு திறந்திருப்பது மட்டும் போதுமா? உள்ளே செல்பவர் கையில் என்ன கொண்டுசெல்கிறார் என்பதே நம் வினா.

வழக்குரைஞரின் தொழில் சொல்லில் அடங்கியது. ஒரு கைம்பெண் தம் வீட்டுப் பத்திரத்தை எடுத்துவருகிறார். அதில் 'ஆயுள் வரை அனுபவித்து வரவும்' என்று எழுதியிருக்கிறதா, 'சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக் கொள்ளவும்' என்று எழுதியிருக்கிறதா என்பதைப் பொறுத்தே அவ்வீட்டை விற்கும் உரிமை அவருக்கு உண்டா இல்லையா என்பது பெரும்பாலும் முடிவாகிறது. பழம்பத்திரங்களின் நீண்ட தமிழ்த் தொடரைப் பிரித்து, எழுவாய் எது, பயனிலை எது, எந்த அடை எந்தப் பெயரைத் தழுவுகிறது என்று காணத் தெரியாதவர், அந்த அம்மையாருக்கு எங்ஙனம் துணை நிற்பார்? நம் வகுப்பில் நன்னூலும் உரையாசிரியர்களும் கற்பிக்கும் பயிற்சி இதுவேயன்றோ! ஒரு சொல்லுக்கு இரு பொருள் கண்டு, ஒன்றை மறுத்து மற்றொன்றை நிறுவும் உரைமரபு, வழக்காடும் மரபிற்கு மிக நெருங்கிய உறவு உடையது.

இதற்குச் சான்றாக நிற்பவர் இருவரை நினைவுகூர்வோம். முன்சீப்பாகப் பணியாற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையிலான உயர் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என 1862இல் வெளியிட்டார். தமிழின் முதல் நாவலாம் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தைத் தந்தவரும் அவரே. நாகூரில் பிறந்த நீதியரசர் மு.மு. இஸ்மாயில் அவர்கள், 1979 முதல் 1981 வரை சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக வீற்றிருந்தார். கம்பனில் தோய்ந்த அவர், வாலி வதையை ஒரு வழக்கினை ஆராய்வது போல் ஆராய்ந்து 'மூன்று வினாக்கள்' எழுதினார். நீதியும் தமிழும் ஒருவரிடத்தே ஒன்றையொன்று வளர்த்தன.

எனினும், மாணவர்க்கு இனிப்பை மட்டும் ஊட்டுதல் ஆசிரியர்க்கு அழகன்று. கீழமை நீதிமன்றங்களில் தமிழ் ஒலிப்பினும், அரசியலமைப்பின் 348ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலமாகவே இருந்துவருகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என 2006இல் தமிழகச் சட்டப் பேரவை நிறைவேற்றிய தீர்மானம் இன்னும் கைகூடவில்லை. ஆதலின் ஆங்கிலத்திற்கு அஞ்சித் தமிழ்த் துறைக்கு வருபவர், அந்த அச்சத்தையும் சுமந்துகொண்டு சட்டக் கல்லூரிக்குச் செல்லலாகாது. நாள்தோறும் ஒரு தீர்ப்பையேனும் ஆங்கிலத்தில் படித்து, அதன் சாரத்தைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிப் பழகுக. மூன்றாண்டு இதனைச் செய்த மாணவர் எவரிடமும் தலை கவிழ வேண்டியதில்லை.

இனி, சமுதாயப் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். மருத்துவமும் பொறியியலும் கிடைக்காதவர் செல்லும் இடமாகவே சட்டத்தை நம்மில் பலர் கருதுகிறோம். வக்ஃபு நிலத்திற்கு வழக்கு வந்தாலோ, மணமுறிவில் ஒரு பெண்ணின் உரிமை தடுமாறினாலோ அன்றுதான் நல்ல வழக்குரைஞரைத் தேடி அலைகிறோம். விதைக்காத வயலில் அறுவடைக்குச் செல்வதை ஒக்கும் இது.

அரசு சட்டக் கல்லூரிகளில் கட்டணம் பெரும் சுமையன்று. பதிவுக் கட்டணமும் பொதுப் பிரிவினர்க்கு 750 ரூபாயை மிஞ்சலாகாது என உச்ச நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்துள்ளது. உண்மையான சுமை, கறுப்பு அங்கி அணிந்த பிறகே தொடங்குகிறது. இளம் வழக்குரைஞர்க்கு நகர்ப்புறத்தில் மாதம் 20,000 ரூபாயும் ஊர்ப்புறத்தில் 15,000 ரூபாயும் மூத்தவர் வழங்கலாம் என 2024இல் இந்திய வழக்குரைஞர் கழகம் பரிந்துரைத்தது. அது பரிந்துரையே, கட்டாயமன்று. உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுதவும் மூன்றாண்டு வழக்குரைஞர் அனுபவம் வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2025 மே திங்களில் தீர்ப்பளித்தது. இந்த மூன்றாண்டைத் தாங்க இயலாமல், ஏழை வீட்டுப் பிள்ளைகள் தொழிலைக் கைவிட்டு வேறு வேலை தேடிச் செல்வதை நாம் கண்டு வருந்துகிறோம். நம் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் கல்லூரிக் கட்டணத்தோடு கையை மடக்கிக்கொள்ளாமல், அந்த மூன்றாண்டிற்கும் உதவித்தொகை அளிக்க முன்வர வேண்டும். ஓர் ஊர் ஓராண்டில் ஒரு பிள்ளையைத் தாங்கினாலும் போதும்.

அப்பிள்ளை பெண்ணாயின் இருமடங்கு மகிழ்வோம். 1989இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக அமர்ந்த பாத்திமா பீவி அவர்கள், சட்டம் பயிலுமுன் கற்றது வேதியியல். அவரைச் சட்டத்தின்பால் திருப்பியவர் அவர்தம் தந்தையார்.

பாண்டியன் அவையில் கண்ணகி தன் வழக்கைத் தானே உரைத்தாள். அவளுக்குச் சொல் வாய்த்திருந்தது. இன்று நீதிமன்ற வாயிலில் பத்திரத்தைக் கையிலேந்தி, பேச நாவெழாது நிற்கும் தாய்மார் எத்தனை எத்தனை பேர்! உற்றார்க்கு எதிராயினும் நீதிக்குச் சான்றாய் நில்லுங்கள் எனத் திருமறை நம்மைப் பணிக்கிறது. அத்தாய்மாருக்காகப் பேசும் நா ஒன்று நம் தமிழ் வகுப்பிலிருந்து எழுமாயின், அந்த மூன்று ஆண்டு வீணாகாது.

ஆதலின், அடுத்த ஆண்டு துறை வாயிலில் நிற்கப்போகும் தந்தையாரே, அஞ்சாது பிள்ளையைச் சேருங்கள். படிக்கவைப்பது நம் பொறுப்பு. படித்தபின் தாங்குவது ஊரின் பொறுப்பு. வல்ல இறைவன் அருள் புரிவானாக!